பலகைக்குப் பின்னால் ஐயா இருக்கிறார்

மார்ச் 9

தம்பிக்கு,

நேற்று மதியம் நம் மருந்துக் கடைக்குப் பக்கத்தில், பேக்கரியின் தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். அப்பா போய் ஒரு வருஷம் நெருங்குகிறதே, அம்மாவோடும் உன்னோடும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைத்தேன். பையைக் கைமாற்றிக்கொண்டு படியேறப் போகும்போது ஒரு பெரியவர் உன்னிடம் டாக்டர் சீட்டை நீட்டினார். நீ மருந்துகளை எடுத்து டிரேயில் வைத்தாய். மேலே சீட்டை வைத்தாய். பின்னால் இருக்கும் பலகைத் தடுப்பின் சின்ன ஜன்னல் வழியே டிரேயை உள்ளே தள்ளிவிட்டு, பழைய மாதிரியே கைகட்டிக் காத்து நின்றாய்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டொக், டொக்.

பெரியவர் மருந்தை வாங்கிக்கொண்டு போனார். நான் பேருந்து நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன்.

அப்பாவை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அவர் கண்களை மூடியது என் கை. காரியம் வரை எல்லாம் நான் இருக்கும் இந்த ஊரிலேயே முடிந்தது, நம் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் என் வாயிலிருந்து "அப்பா" என்றுதான் வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சத்தம் என்னவென்று உனக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகவே போவார். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேனாவின் பின்முனையால் இரண்டு முறை தட்டுவார். பார்த்துவிட்டேன், கொடுக்கலாம் என்று அர்த்தம். குழந்தைகள் அவரை 'டொக் டொக் ஐயா' என்றார்கள்.

அவர் தட்டியதை ஊரே கேட்டது. நான் அவர் தட்டாமல் இருந்ததைக் கேட்டு வளர்ந்தவள். சத்தம் வராது. வாங்க வந்தவர் காலை மாற்றி நிற்பார். பிறகு உள்ளே போன் எடுக்கும் சத்தம். "டாக்டர், உங்க கையெழுத்து எனக்குச் சரியா புரியலை. கொஞ்சம் வாசிச்சுச் சொல்றீங்களா?" கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாசிக்கும்போதே டாக்டர் தன் பிழையைத் தன் காதால் கேட்டுவிடுவார். யாருக்கும் தலைகுனிவு இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை.

இப்போது அவர் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பில்லில் அவர் பெயர். உள்ளே காலி நாற்காலி. நீ மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டவன். தகுதியுள்ள ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வை, இல்லையென்றால் கடையை மூடு.

போன் செய்யாதே. உன் குரலுக்குப் பின்னால் கடைச் சத்தம் வரும். அதற்குள் அந்தத் தட்டலும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுது.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பேக்கரி ஓரமா ஒரு பச்சைப் பை போறதைப் பாத்தேன். நடையை வெச்சே நீதான்னு தெரிஞ்சுது. கூப்பிடலாம்னா எதிர்ல ஆள் நிக்கிறார். ஒரு வருஷம் கழிச்சு வந்தவ ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம திரும்பினதை அம்மாகிட்ட நான் சொல்லலை. அதுக்காவது எனக்கு நன்றி சொல்லு.

இதை ஆரம்பிச்சது நான் இல்லை. என் முழங்கால்.

அப்பா போனப்புறம் கடையைத் திறந்தப்போ சோப்பு, பவுடர், தலைவலித் தைலம் இது மட்டும்தான் விக்கணும்னு இருந்தேன். சத்தியமா. முதல்ல வந்த அம்மா ரத்த அழுத்தச் சீட்டை நீட்டினாங்க. வருஷக்கணக்கா அவங்க வாங்குற அதே மாத்திரை. கை பழக்கத்துல டிரேயை உள்ளே தள்ளிடுச்சு. அவங்களும் பழக்கத்துல நின்னாங்க. "ஐயா இன்னும் தட்டலையே"ன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு திரும்பினேன், முழங்கால் பலகையில இடிச்சுது. நல்ல இடி, நீலம் கட்டிடுச்சு. அவங்க முகம் மலர்ந்துபோச்சு. "ஐயாவுக்கு உடம்பு தேவலையாயிடுச்சா? நல்லா இருக்கட்டும்"னு மருந்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த நிமிஷம் நான் என்ன சொல்லியிருக்கணும், படிச்சவ நீயே சொல்லு.

தகுதியுள்ள ஆளைக் கேக்காம இல்லை. ஒருத்தர் வந்தார். "சான்றிதழை மாட்டிக்கோ, மாசாமாசம் கவனிச்சுக்கோ, நான் வரமாட்டேன்"னார். அவருக்கு நம்ம அப்பா எவ்வளவோ தேவலை. செத்தும் தினம் வேலைக்கு வர்றார்.

கோவப்படாதே. எழுதிட்டு எனக்கே சிரிப்பு வரலை.

அம்மா விஷயம் உனக்குத் தெரியாது. தினம் சாயங்காலம் உள்ளே டீ கொண்டுபோய் நாற்காலி பக்கத்துல வைக்கிறா. கடையில நிக்கிறவங்க பாக்கப் பாக்க. நான் ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்க் குடிச்சிடுவேன். காலி டம்ளரை எடுக்கும்போது "இன்னைக்கு முழுசா குடிச்சிருக்கார்"ங்கிறா. கடையை மூடுங்கிறியே, அதை அவகிட்ட நீ வந்து சொல்லு.

ஒரே வழிதான் இருக்கு. உன் சான்றிதழை அனுப்பு. அப்பாவுதைக் கழட்டிட்டு உன்னுதை மாட்டிடறேன். நீ வரவே வேண்டாம். தங்கமான பேரு உனக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். டம்ளர் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மடித்து வைத்துவிட்டேன்.

சான்றிதழ் அனுப்ப மாட்டேன். கோபத்தினால் அல்ல. அங்கே யாராவது ஒரு சீட்டை நீட்டும்போது நான் இங்கே வேறொருவருக்கு மருந்து எண்ணிக்கொண்டிருப்பேன். நான் இல்லாத இடத்தில் என் பெயர் உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஆவிக்கும் என்ன வித்தியாசம்? உயிரோடு இருக்கும்போதே என்னைப் பேயாக்காதே.

சின்ன வயதில் நான் படித்த பேய்க்கதைகளில் செத்தவர்கள் ஏதாவது வேலையை மிச்சம் வைத்ததால் திரும்பி வருவார்கள். நீகூடப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பாய். அப்பா எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் போனது போனதுதான். நீதான் அவரை மறுபடி வேலைக்கு வைத்திருக்கிறாய்.

இங்கே எங்கள் மருந்தகத்தில், பக்கத்து மேஜைக்காரி நேற்று என்னைக் கேட்டாள்: "யாரு வாசல்ல? உள்ளே வரச் சொல்லவா?" அப்போதுதான் கவனித்தேன், ஒரு சீட்டைச் சரிபார்த்து முடித்துவிட்டு என் பேனா மேஜையைத் தட்டியிருக்கிறது. அவள் சிரித்தாள். நான் பேனாவை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நானாவது சரிபார்த்துவிட்டுத் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பும் ஆறுதலாக இல்லை.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கைப்பையிலேயே இருக்கிறது. தபால் பெட்டியைத் தினமும் கடக்கிறேன். அம்மா டீயோடு உள்ளே போவது கண்ணில் தெரிகிறது, நடந்துவிடுகிறேன். என்னை இப்படியே நடக்க விடாதே. நீயாக நிறுத்து.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

போடு. தபால் பெட்டியில போடு. போலீஸ் என்னைக் கூட்டிட்டுப் போகும்போது அம்மா உன் வீட்டுக்கு வந்து டீ போடுவா.

கோவத்துல எழுதின அந்த வரியைக் கிழிச்சிடலாமான்னு பாத்தேன். இருக்கட்டும்.

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலை. பத்து வருஷம் அந்தக் கவுன்டர்ல நின்னவன். எந்த மாத்திரை எந்த அலமாரியிலன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். புரியலைன்னா இணையத்துல பாக்கறேன். இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா? ஆகலை.

அதை விடு. தையல்கார அம்மா உன்னைக் கேட்டாங்க. நீ காலேஜுக்குப் போனப்போ உன் முதல் வெள்ளைக் கோட்டைத் தச்சுக் கொடுத்தாங்களே, அவங்கதான். கை ரெண்டும் மூட்டு மூட்டா வீங்கிப்போச்சு, பாவம். ஊசியில நூல் கோக்க முடியலையாம். புது கிளினிக்ல ஒரு சின்ன வயசு டாக்டர் மீத்தோட்ரெக்ஸேட் ஆரம்பிச்சிருக்கார், தினம் காலையில. வலி குறைஞ்சுதோ இல்லையோ, வாய் முழுக்கப் புண்ணு. "கஞ்சிகூட இறங்கலைப்பா"ன்னாங்க. ஜெல்லும் விட்டமின் மாத்திரையும் எடுத்து வெச்சேன். "ஐயாவையும் ஒரு வார்த்தை கேளு"ன்னாங்க. உள்ளே தள்ளித் தட்டினேன். நிம்மதியா போனாங்க. "அக்கா வந்தா நான் கேட்டேன்னு சொல்லு, கோட்டு இப்போ டைட்டாயிருக்கும், பிரிச்சுத் தர்றேன்"னு சிரிச்சாங்க. சிரிக்கும்போது பல்லோரம் ரத்தம் தெரிஞ்சுது.

பாத்தியா, எல்லாரும் உன்னை விசாரிக்கிறாங்க. நீதான் யாரையும் விசாரிக்கிறதில்லை.

தம்பி


ஏப்ரல் 23

தம்பி,

இப்போது போனை யாரும் எடுக்கவில்லை. கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஏதோ ஒரு விதத்தில்.

காலையில் உன் கடிதத்தை நின்றபடியே பிரித்தேன். அந்த மருந்தின் பெயரையும் 'தினம்' என்ற சொல்லையும் ஒரே வரியில் பார்த்தேன். உடனே போன் செய்து நான் கத்தியதில் உனக்கு என்ன புரிந்ததோ. மூட்டு வீக்கத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் போனால் உடம்பில் புதிதாக முளைக்க வேண்டிய எல்லாவற்றையும் அது நிறுத்திவிடும். வாயின் தோல், குடலின் தோல், ரத்தம். அந்த வாய்ப்புண் தனி நோய் இல்லையடா. உடம்பு உன் கடைக்கு வந்து சொன்ன எச்சரிக்கை அது. நீ அதற்கு ஜெல் விற்றிருக்கிறாய்.

கடைசியாக எடுத்தபோது அம்மா "செருப்புகூடப் போடாம ஓடிட்டான்" என்று மட்டும் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி? எதிர்மருந்து கொடுத்தார்களா? உயிர் இருக்கிறதா?

அந்த முதல் வெள்ளைக் கோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அக்கா


மே 1

அக்கா,

உயிர் இருக்கு. அதை முதல்ல எழுதிடறேன்.

நான் போனப்போ தையல் மெஷின் மேல தலை சாய்ச்சுப் படுத்திருந்தாங்க. மூக்குல வெச்சிருந்த துணி சிவப்பா இருந்துச்சு. முதல்ல அதைச் சட்டைத் துணின்னு நினைச்சேன். வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரியில சேத்தோம். ரத்த அணுவெல்லாம் தரைக்கு வந்துடுச்சுன்னாங்க. எதிர்மருந்து, ரத்தம், ஜுரம், யாரையும் உள்ளே விடாத கண்ணாடி ரூம். இப்போ எழுந்து உக்கார்றாங்க. முடி கொட்டுது.

வழியில அந்த டாக்டருக்குப் போன் போட்டேன். என்ன பேசறதுன்னு தெரியாம அப்பா சொல்றதையே சொன்னேன். "டாக்டர், உங்க கையெழுத்து எனக்குச் சரியா புரியலை." அவர் சீட்டு விவரத்தைக் கேட்டார். வாரம்னு எழுத விட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு, மூச்சு மாறினது கேட்டுச்சு. அப்புறம் மெதுவா கேட்டார்: "புரியலைன்னா ஏன் கொடுத்தீங்க?"

அப்பாவை யாரும் இதைக் கேட்டதில்லை. ஏன்னா அவர் கொடுக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணுவார்.

இன்னொண்ணு உன்கிட்ட எழுதலை. அம்மாகிட்டயும் சொல்லலை. முதல் நாள் அந்த மாத்திரையை எடுத்து வெச்சப்போ தையல்கார அம்மா கேட்டாங்க, "தினமுமாப்பா? டாக்டர் ஏதோ வாரம்னு சொன்ன மாதிரி இருந்துச்சே." சீட்டுல அப்படி இல்லைங்களேன்னேன். "எதுக்கும் ஐயாவைக் கேளு"ன்னாங்க. டிரேயைத் தள்ளினேன். பின்னால மூணு பேர் நிக்கிறாங்க. தட்டினேன். "அப்போ சரி, நான்தான் தப்பா கேட்டிருக்கேன்"னு எடுத்துட்டுப் போனாங்க.

அவங்களுக்குச் சரியா ஞாபகம் இருந்துச்சுக்கா. என் முழங்கால்தான் அதை அழிச்சுது.

ஆஸ்பத்திரியில அவங்க சொந்தக்காரங்க என்கிட்டயே சொல்றாங்க, "ஐயாவைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, வயசாச்சு, கண்ணு மங்கியிருக்கும்." நான் ஆமான்னு தலையாட்டினேன். ஆட்டினதை நிறுத்தவும் தெரியலை.

நேத்து கடையைத் திறந்தேன். ஒருத்தர் சீட்டு கொடுத்தார். சாதாரண இருமல் மருந்து. டிரேயை உள்ளே தள்ளினேன். கால் எழும்பலை. உள்ளே யாரோ நிதானமா படிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. பக்கம் திருப்பற மாதிரி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிற மாதிரி. நானும் நின்னேன், வாங்க வந்தவரும் நின்னார். அப்பா தட்டலை. நீ எழுதியிருந்தியே, தட்டாம இருக்கிறது கேக்கும்னு. கேட்டுச்சு. டிரேயை வெளியே இழுத்து "மருந்து இல்லைங்க"ன்னேன். எதிர்ல அலமாரி நிறைய அதே பாட்டில்.

தம்பி


மே 10

தம்பிக்கு,

தையல்கார அம்மா பிழைத்ததற்காக நான் அழுதது இங்கே யாருக்கும் தெரியாது. கிடங்கு அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அழுதேன்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். எழுத எழுத எல்லாம் என் பக்கமே திரும்புகிறது. மார்ச் மாதமே எனக்குத் தெரியும். தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்தத் தொழிலுக்கு உறுதிமொழி எடுத்தவளும் நான்தான். தபால் பெட்டியை ஒவ்வொரு நாள் கடந்தபோதும் நானும் ஒரு சீட்டைப் பார்க்காமலே தட்டியிருக்கிறேன். நீ முழங்காலால் தட்டினாய். நான் வாயை மூடிக்கொண்டு தட்டினேன்.

இன்று அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டேன். பழையதை அல்ல, புதிதாக எழுதி. அதில் உன்னைப் பற்றி இருக்கிறது. தெரிந்தும் சொல்லாத என்னைப் பற்றியும் இருக்கிறது. என் மேலதிகாரியிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி "உட்காரும்மா" என்றார். வேறு எதுவும் இன்னும் சொல்லவில்லை. என் சான்றிதழுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தையல்கார அம்மாவிடம் நீயே சொல். அப்பாவுக்குக் கண் மங்கியது என்று இன்னொருவர் சொல்ல நீ தலையாட்டக் கூடாது. கடைசி நாளில்கூட அவர் கட்டிலில் இருந்தபடி என் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கி, காலாவதித் தேதியைப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு. அதுதான் அவருடைய கடைசித் தட்டு. அதற்கப்புறம் கேட்டது எதுவும் அவருடையது இல்லை.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா


மே 30

அக்கா,

போன் பண்ணியிருக்கலாம். இப்போ பின்னால கடைச் சத்தம் எதுவும் வராது. ஆனா எழுதியே பழகிட்டோம்.

உன் கடிதம் வந்த மறுநாளே தையல்கார அம்மா வந்தாங்க. பாதியா இளைச்சிருந்தாங்க, தலையில துணி. வேற மருந்து எழுதின சீட்டை நீட்டிட்டு, உள்ளே கேக்கிற மாதிரி குரலை உயர்த்தி, "ஐயா, எனக்கு உங்க மேல கோவம் இல்லை, வயசானா யாருக்கும் வரும்"னாங்க. சொல்லிட்டுத் தட்டறதுக்காக நின்னாங்க.

கவுன்டர் பலகையைத் தூக்கி, "உள்ளே வாங்க"ன்னேன்.

நாற்காலியைப் பாத்தாங்க. ஆணியில அப்பா கோட்டு. மேஜையில மூக்குக்கண்ணாடி. "எங்கே?"ன்னாங்க. போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னேன். "அப்போ அன்னைக்குத் தட்டினது?" காலைத் தூக்கிப் பலகையில இடிச்சுக் காட்டினேன்.

ரொம்ப நேரம் என் முழங்காலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"நான் வாரம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குத்தான் காது மந்தம்னு நினைச்சேனேடா. செத்த மனுஷன் தலையிலயா கட்டினே?"

சீட்டைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆய்வாளர்கள் வந்தாங்க. நான் எதையும் மறைக்கலை. சான்றிதழைக் கழட்டிக்கிட்டாங்க, சுவர்ல வெள்ளையா ஒரு சதுரம் நிக்குது. கடைக்கு சீல் வெச்சாச்சு. வழக்கு வரும், விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க.

சீல் வைக்கறதுக்கு முன்னாடி அந்தத் தடுப்பைப் பிரிச்சேன். பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்பா நாற்காலியில உக்காந்து பாத்தேன். இத்தனை வருஷத்துல உக்காந்ததே இல்லை. அங்கேயிருந்து ஜன்னல் வழியா முகம் தெரியாதுக்கா. கவுன்டர் மேல இருக்கிற கை மட்டும்தான் தெரியும். அவர் ஊரையே கையை வெச்சுத்தான் பாத்திருக்கார். அந்த வீங்கின கையையும் அந்த மாத்திரையையும் ஒண்ணா பாத்திருந்தா, பேனாவைக் கீழே வெச்சிருப்பார்.

பலகை விழுந்தப்போ அம்மா டீயோட நின்னுக்கிட்டு இருந்தா. வெளிச்சத்துல காலி நாற்காலி நல்லா தெரிஞ்சுது. "அம்மா, அப்பா இல்லைம்மா"ன்னேன். "அது எனக்குத் தெரியாதாடா? நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கே, வெளியே கொடுத்தா வேண்டாம்பே. டீ உனக்குத்தான்"னு டம்ளரை என் கையில கொடுத்தா. நான் அவளுக்காகக் குடிச்சேன், அவ எனக்காக வெச்சா. ரெண்டு பேருக்கும் நடுவுல அவரை உக்கார வெச்சிருந்தோம்.

நேத்து, சீல் வெச்ச ஷட்டருக்கு வெளியே, பேரை எழுதின போர்டைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். தையல்கார அம்மா வந்தாங்க. அதே சீட்டை நீட்டினாங்க. இன்னும் வாங்கலை போல. பயம்.

"இதைப் படிச்சுச் சொல்ற தகுதி எனக்கு இல்லைங்க"ன்னேன். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில ஒரு பொண்ணு இருக்கு. படிச்சது. எதிர்ல நின்னு முகத்தைப் பாத்துப் பேசும். தினமுமா வாரமான்னு கேளுங்க. உங்களுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தா அதையும் சொல்லுங்க. அது வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் அங்கேயிருந்து நகராதீங்க."

என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. மன்னிச்ச முகம்னு சொல்ல மாட்டேன். சீட்டை மடிச்சு இடுப்புல செருகினாங்க. திரும்பறதுக்கு முன்னாடி, அந்த வீங்கின விரல் முட்டியால ஷட்டர்ல டொக், டொக்.

இந்தத் தடவை என் முழங்கால் இல்லைக்கா.

தம்பி